கணக்கும் 2011, பஞ்சாயத்தும் 2011. அப்ப பஸ்?

(வில்லியனூர் கொம்யூன் தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்குப் பேச வந்தது பஸ்ஸைப் பத்தி. சின்ன விஷயம்னு நினைச்சிடாதீங்க.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் வசதிப் பட்டியல் ஒன்று உண்டு. பேருந்து வருதா? வந்தால் "உண்டு". வராவிட்டால் எவ்வளவு தூரத்தில் கிடைக்கும்: 5 கிலோமீட்டருக்குள்ளா, 5 முதல் 10 வரையா, 10க்கு மேலா? அவ்வளவுதான் கேள்வி. காலையில ஒரு நடை, ராத்திரி ஒரு நடை வந்தாலும் அந்த ஊருக்கு "உண்டு"தான். விடியக்காலை ஜிப்மர் ஓ.பி.க்குப் போகணும்னு நிக்கிற பெரியவர், சாயங்காலம் கல்லூரி விட்டு வர்ற பொண்ணு, ஷிப்டு முடிஞ்சு திரும்புற தொழிலாளி, எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குள்ள மறைஞ்சு போறாங்க.

அந்தக் கணக்காவது புதுசா? கடைசியா தலை எண்ணினது 2011ல். புதுச்சேரி மாநிலம் முழுக்க அன்று 12,47,953 பேர். அதில் ஏறக்குறைய 32 விழுக்காடு கிராமத்து மக்கள். 2021ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், அடுத்ததுக்குக் குறித்த நாள் 2027 மார்ச் 1. மத்திய அரசின் கிராமச் சாலைத் திட்டத்தின் நான்காம் கட்டம்கூட, சமவெளியில் 500 பேர் இருக்காங்களான்னு 2011 ஏட்டைப் புரட்டித்தான் பார்க்குது. அன்னைக்குப் பொறந்த புள்ள இன்னைக்குப் பள்ளிக்கூடம் போக பஸ் தேடுது தோழர்களே!

சரி, ஏடு பழசு. ஊர்க்காரன் யார்கிட்ட போய்க் கேட்கிறது? பஞ்சாயத்துத் தலைவர்கிட்ட. அவர் எங்கே? புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968ல் நடந்தது. அடுத்தது 38 வருஷம் கழிச்சு 2006ல். அந்தப் பதவிக்காலமும் 2011ல் முடிஞ்சது. 2021ல் தேதி அறிவிச்சாங்க, அதுவும் நின்னு போச்சு. எந்த ஆட்சி வந்தாலும் இதே கதை. அரசமைப்புச் சட்டம் பஞ்சாயத்துக்கு ஒப்படைக்கலாம்னு சொல்ற 29 பொருள்களில் சாலையும் ஒண்ணு. ஒப்படைக்க ஆள் வேணுமே!

கீழூர் ஞாபகம் இருக்கா? 1954 அக்டோபர் 18. புதுவை, காரைக்கால் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி ஓட்டுப் போட்டாங்க. 170 பேர் இந்தியாவோடு இணையணும்னாங்க. இந்த மண்ணோட தலையெழுத்தையே ஒரு கிராமத்துல வெச்சு, கொம்யூன் உறுப்பினர்களையும் சேர்த்துத்தான் முடிவு பண்ணாங்க. இன்னைக்கு ஒரு பஸ் நேரத்தை மாத்தச் சொல்லக்கூட கிராமத்துக்குத் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை.

இன்னொரு சிக்கல் நம்ம வரைபடம். வில்லியனூர்ல ஏறி திருபுவனை போறவர் நடுவுல கண்டமங்கலத்தைத் தாண்டணும். அது தமிழ்நாடு. அரை மணி நேரப் பயணத்துல ரெண்டு தடவை எல்லை தாண்டுறோம், விமானத்துல போறவனுக்குக்கூட அந்தப் பெருமை கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 88ஆம் பிரிவுப்படி ஒரு மாநிலத்து பெர்மிட் அடுத்த மாநிலத்துல செல்லணும்னா பொதுவா அங்கேயும் மேலொப்பம் வேணும்; புறப்படுற இடமும் சேருற இடமும் ஒரே மாநிலத்துல இருந்து, நடுவுல அடுத்த மாநிலத்துல ஓடுற தூரம் 16 கிலோமீட்டருக்கு மேல போகலேன்னா மட்டும் அது வேணாம். பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டுன்னு துண்டு துண்டா கிடக்கிற நமக்கு, அடுத்த மாநிலத்துல போய் முடியிற பஸ்ஸுன்னா அது மாநிலங்களுக்கு இடையிலான பேச்சுவார்த்தை. அதுல கிராமத்தோட குரல் இருக்கணுமா வேணாமா?

நாங்க கேட்கிறது ரெண்டே. உள்ளாட்சித் தேர்தலை நடத்துங்க. அதுவரைக்கும் ஒவ்வொரு கிராமத்துக்கும் எத்தனை நடை, எத்தனை மணிக்குன்னு நிறுத்தத்துல எழுதி ஒட்டுங்க. "உண்டு"ங்கிற பதில் போதாது.

நண்பர்களே, ஒரு வேலை செய்யுங்க. உங்க ஊர்ப் பேரு, முதல் பஸ் நேரம், கடைசி பஸ் நேரம் மூணையும் கீழே எழுதுங்க. தொகுத்து போக்குவரத்துத் துறைக்கு மனுவா கொடுக்கப் போறோம். வர்ற பஸ்ஸை மட்டும் எழுதாதீங்க, முன்னாடி வந்து நின்னு போனதையும் எழுதுங்க.