பூவேலைக் கோட்டும் புதிய பாட்டும்

'தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்' என்ற இசைத்தட்டை அமெரிக்காவின் ஏ அண்ட் எம் நிறுவனம் 1969 பிப்ரவரியில் வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலஸில் உருவான 'தி ஃபிளையிங் பரிட்டோ பிரதர்ஸ்' குழுவின் முதல் இசைத்தட்டு இது. மொத்தம் 11 பாடல்கள். நாற்பது நிமிடத்துக்குள் கேட்டு முடித்துவிடலாம். பில்போர்டு பத்திரிகையின் பட்டியலில் 164-ஆம் இடத்தைத் தாண்டி இது ஏறவில்லை. ஆனாலும் கன்ட்ரி இசையின் வரலாற்றைச் சொல்பவர்கள் யாரும் இந்தத் தட்டைத் தொடாமல் போக முடியாது.

கன்ட்ரி என்பது அமெரிக்கத் தென்மாநிலங்களின் கிராமங்களிலும் மலைப்பகுதிகளிலும் பிறந்து, டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் தொழிலாக வளர்ந்த இசை. உழைப்பு, குடி, பிரிவு, பாவம், மன்னிப்பு ஆகியவையே அதன் பாடுபொருள்கள். 1960-களின் கடைசியில் அதன் ரசிகர்களும் ராக் இசையைக் கேட்ட இளைஞர்களும் எதிரெதிர் முகாம்களாக நின்றார்கள். வியட்நாம் போர், நீண்ட தலைமுடி, போதைப்பொருள் எல்லாமே இரு தரப்புக்கும் நடுவே சுவர்களாக எழுந்திருந்தன. 1968 மார்ச்சில் 'தி பேர்ட்ஸ்' என்ற ராக் குழு, நாஷ்வில்லின் புகழ்பெற்ற கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையில் ஏறிக் கன்ட்ரி பாடல்களைப் பாடியது. கூட்டத்தில் சிலர் ஏளனக் கூச்சல் போட்டார்கள். அன்று அந்த மேடையில் நின்றவர்களில் இருவர் கிராம் பார்சன்ஸ், கிறிஸ் ஹில்மன். பரிட்டோ குழுவைத் தொடங்கியவர்கள் இவர்கள்தான்.

பார்சன்ஸ் 1946-இல் ஃபுளோரிடாவில் பிறந்து, ஜார்ஜியாவின் வேக்ராஸ் ஊரில் வளர்ந்தவர். வசதியான குடும்பம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சில மாதங்களிலேயே படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இசைக்கு வந்தார். ஹில்மன் கலிஃபோர்னியாக்காரர், பதின்வயதிலேயே மாண்டலின் கற்று, கன்ட்ரியின் ஒரு கிளையான புளூகிராஸ் இசைக் குழுக்களில் வாசித்தவர். பேர்ட்ஸ் குழுவில் இருவரும் சேர்ந்து உருவாக்கிய 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' என்ற இசைத்தட்டு 1968 ஆகஸ்டில் வந்தது. அது வெளிவருவதற்குள் பார்சன்ஸ் குழுவை விட்டு விலகிவிட்டார். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்குக் கச்சேரி செய்யப் போக மாட்டேன் என்பது அவர் சொன்ன காரணம். ஹில்மனுக்கு அதில் கோபம் இருந்தது. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் அவரும் வெளியே வந்தார். இருவரும் சமாதானமாகி, சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் ஒரே வீட்டில் குடியிருந்து பாட்டுக் கட்டத் தொடங்கினார்கள்.

குழுவில் மேலும் இருவர் சேர்ந்தார்கள். பாஸ் கித்தார் வாசித்தவர் கிறிஸ் எத்ரிட்ஜ். கன்ட்ரி இசையின் தந்தை எனப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸின் சொந்த ஊரான மிசிசிப்பியின் மெரிடியன்தான் இவருக்கும் ஊர். பெடல் ஸ்டீல் வாசித்தவர் 'ஸ்னீக்கி' பீட் கிளைனோ. பொம்மைகளை நகர்த்திப் படமெடுக்கும் அனிமேஷன் கலைஞராகத் தொலைக்காட்சிக்கும் திரைக்கும் உழைத்தவர் இவர். டிரம்ஸுக்கு நிலையான ஆள் இல்லை. ஒலிப்பதிவில் நான்கு பேர் மாறி மாறி வாசித்தார்கள்.

இந்தத் தட்டின் ஒலிக்குத் தனி முகம் தந்தவர் கிளைனோ. பெடல் ஸ்டீல் கிடைமட்டமாக வைத்து வாசிக்கும் தந்திக் கருவி. இடக்கையில் பிடித்த உருக்குக் கோலைத் தந்திகள்மேல் நகர்த்த, சுரம் வழுக்கிச் செல்லும். காலால் மிதிக்கும் பெடல்கள் குறிப்பிட்ட தந்திகளின் சுருதியை ஏற்றி இறக்கும். நாஷ்வில்லில் அதைத் தெளிந்த, அழுகை தோய்ந்த நாதத்தோடு வாசிப்பார்கள். பாடகரின் வரி முடியும் இடத்தில் மெல்ல வந்து நிரப்புவது அதன் வேலை. கிளைனோவிடம் இருந்தது எட்டுத் தந்தி ஃபெண்டர் கருவி. அதன் ஒலியை, ராக் கித்தார்காரர்கள் பயன்படுத்தும் ஃபஸ் என்ற மின்னணுப் பெட்டி வழியாகச் செலுத்திக் கரகரப்பாக்கினார். குழுவில் முன்னணி கித்தார் வாசிக்கத் தனியாக யாரும் கிடையாது. அந்த இடத்தையும் இவரே பிடித்துக்கொண்டார். முதல் பாடலான 'கிறிஸ்டீன்ஸ் டியூன்' தொடங்கிய சில நொடிகளிலேயே இதைக் கேட்டுவிடலாம்: பாட்டு பழைய கன்ட்ரி நடையில் துள்ளுகிறது, அதன் குறுக்கே ஸ்டீல் குளவிக்கூட்டம் போல உறுமிக்கொண்டு பாய்கிறது.

அதேசமயம் பாடும் முறையில் இவர்கள் மரபை இம்மியும் மீறவில்லை. லூவின் சகோதரர்கள், எவர்லி சகோதரர்கள் போன்ற பாடகர் ஜோடிகளின் வழிவந்த இரட்டைக் குரல் இணைப்பே இங்கும் ஆதாரம். அதன் முழு அழகும் 'சின் சிட்டி'யில் வெளிப்படுகிறது. ஒரு காலையில் தொடக்க வரிகளோடு விழித்ததாகவும், உடனே பார்சன்ஸை எழுப்பி இருவருமாகச் சேர்ந்து எழுதி முடித்ததாகவும் ஹில்மன் பின்னாளில் சொன்னார். மெட்டும் நடையும் தேவாலயப் பாட்டைப் போலவே இருக்கும். பொருளோ சமகால லாஸ் ஏஞ்சலஸ். பணமும் பகட்டும் மிகுந்த நகரம், அதை விழுங்க வரப்போகும் நிலநடுக்கம், தப்ப முடியாத தெய்வக் கோபம் என்று பாட்டு எச்சரிக்கிறது. நகரைத் திருத்த வந்த நண்பர் ஒருவரைப் பற்றிய வரி, 1968 ஜூனில் அதே நகரில் சுடப்பட்ட அரசியல் தலைவர் ராபர்ட் கென்னடியைக் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. நீண்ட முடி வளர்த்த இரண்டு இளைஞர்கள் வேதப் பிரசங்கியின் குரலில் பாடும்போது அதில் கேலி துளியும் இல்லை. இசைத்தட்டின் வலிமை அங்கேதான் இருக்கிறது. கன்ட்ரியின் வடிவத்தை இவர்கள் வேடமாகப் போட்டுக்கொள்ளவில்லை. தங்கள் காலத்தின் பயத்தைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்று நம்பி எடுத்துக்கொண்டார்கள்.

'மை அங்கிள்' இன்னொரு சான்று. கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வந்த இளைஞன் கனடாவின் வான்கூவருக்கு ஓடிவிடலாமா என்று யோசிக்கும் பாட்டு அது. ஹில்மனின் மாண்டலின் முன்னே நிற்க, அசல் புளூகிராஸாகவே ஒலிக்கிறது.

அடுத்து, கறுப்பின மக்களின் சோல் இசையிலிருந்து எடுத்த இரண்டு பாடல்கள். 'டூ ரைட் வுமன்' அரீதா ஃபிராங்க்ளின் 1967-இல் பாடியது. 'தி டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்' ஜேம்ஸ் கார் பாடிப் புகழ்பெற்றது. இரண்டையும் எழுதியவர்கள் டேன் பென், சிப்ஸ் மோமன் என்ற தெற்கத்திய வெள்ளையர்கள். பெண் பாடிய பாட்டை ஆண் குரலில், ஸ்டீல் கருவியின் துணையோடு கேட்கும்போது, சோலும் கன்ட்ரியும் ஒரே மண்ணில் விளைந்தவை என்பது விளக்கம் இல்லாமலே புரிந்துவிடுகிறது. 'டூ ரைட் வுமன்' பாடலில் பாடகர் டேவிட் கிராஸ்பி துணைக்குரல் கொடுத்திருக்கிறார்.

இரண்டாம் பக்கத்தில் உள்ள 'ஹாட் பரிட்டோ நம்பர் ஒன்', 'நம்பர் டூ' என்ற பாடல்கள் பார்சன்ஸும் எத்ரிட்ஜும் சேர்ந்து எழுதியவை. விளையாட்டுத்தனமான இந்தப் பெயர்களை நம்பி ஏமாறக் கூடாது. முதலாவது, கைவிட்டுப் போன காதலியிடம் உடைந்துபோன ஒருவன் பேசும் பாட்டு. பார்சன்ஸின் குரல் மேலே ஏறும் இடங்களில் நடுங்கி, கிட்டத்தட்ட முறிகிறது. பயிற்சி பெற்ற பாடகர் அதை மறைத்திருப்பார். இவர் அப்படியே விட்டுவிட்டார். இந்தத் தட்டில் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் உண்டு என்பவர்கள் இதைக் கேட்கலாம். கடைசிப் பாடலான 'ஹிப்பி பாய்' இந்த உயரத்தை எட்டவில்லை. ஹில்மன் அதைப் பாடாமல், கதையாகப் பேசுகிறார்; கன்ட்ரிப் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் கையாண்ட பழைய உத்திதான், ஆனால் இங்கே நீண்டுவிட்டது.

அட்டைப்படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோஹாவி பாலைவனத்தில் பேரி ஃபைன்ஸ்டைன் எடுத்த படம் அது. நால்வரும் அணிந்திருப்பவை, கன்ட்ரி நட்சத்திரங்களுக்கு மின்னும் பூவேலைக் கோட்டுகள் தைத்துக் கொடுத்த நூடி கோனின் கடையில், மானுவேல் குவேவாஸ் கைவண்ணத்தில் உருவானவை. வெட்டும் தையலும் மரபுப்படியே. பார்சன்ஸின் வெள்ளைக் கோட்டில் மட்டும் கஞ்சா இலை, கசகசாப் பூ, மாத்திரைகள், காலர் மடிப்பில் ஆடையில்லாப் பெண்கள், முதுகில் பெரிய சிவப்புச் சிலுவை. பாடல்களில் நடப்பதுதான் துணியிலும் நடந்திருக்கிறது: பழைய கைத்தொழில், புதிய வாழ்க்கை.

விற்பனை கைகொடுக்கவில்லை. நாஷ்வில் வானொலிகளுக்கு இவர்கள் ஹிப்பிகள். ராக் ரசிகர்களுக்கு இந்த இசை பெரியவர்களின் சமாச்சாரம். நாடு முழுக்க ரயிலிலேயே போய் நடத்திய கச்சேரிப் பயணமும் நிறுவனத்தின் பணத்தைக் கரைத்ததே தவிரத் தட்டை விற்கவில்லை. ஆனாலும் ரோலிங் ஸ்டோன் இதழில் ஸ்டான்லி பூத் பாராட்டி எழுதினார். அவரும் வேக்ராஸ் ஊர்க்காரர். பாப் டிலன் அதே ஆண்டு பேட்டியில் இந்தக் குழுவைத் தனக்குப் பிடிக்கும் என்றார்.

குழு நிலைக்கவில்லை. எத்ரிட்ஜ் விலகினார்; 1970-இல் இரண்டாவது தட்டு வந்த பிறகு பார்சன்ஸும் வெளியேறினார். 1973 செப்டம்பரில், 26 வயதில் அவர் இறந்தார். ஆனால் பாடல்கள் தொடர்ந்து பயணப்பட்டன. பார்சன்ஸுடன் பாடிய எம்மிலு ஹாரிஸ் 1975-இல் 'எலீட் ஹோட்டல்' தட்டில் 'சின் சிட்டி'யையும் பரிட்டோ தட்டின் இன்னொரு பாடலான 'வீல்ஸ்' என்பதையும் பாடி, முன்பு கதவடைத்த கன்ட்ரி ரசிகர்களிடமே கொண்டுபோய்ச் சேர்த்தார். பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ 1981-இல் 'ஹாட் பரிட்டோ நம்பர் ஒன்' பாடலை வேறு தலைப்பில் பாடினார். முதல் தட்டுக்குப் பிறகு பரிட்டோ குழுவில் சேர்ந்த பெர்னி லெடன், 1971-இல் 'ஈகிள்ஸ்' குழுவைத் தொடங்கிய நால்வரில் ஒருவரானார். கன்ட்ரியும் ராக்கும் கலந்த இசை கோடிக்கணக்கில் விற்றது அந்தக் குழுவின் கையில்தான்.