பிள்ளை இன்று என்ன விளையாடியது?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியின் நூறு ஆண்டுப் பெருமையை முன்னர் பேசியவர்கள் நிறைவாகவே சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் இந்த வாசலுக்கு வருவதற்கு முந்திய இரண்டு மூன்று ஆண்டுகளைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம். அதற்கு நம்முடைய தவறு ஒன்றையே முதலில் சொல்லவேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நமது பழைய மாணவி ஒருத்தி வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தன் வீட்டு விறாந்தையிலே நேர்சரி நடத்தினாள். ஒரு மணல் தொட்டி, மரக்கட்டைகள், பழைய சட்டி பானைகள், துணிப் பொம்மைகள், இவைதான் அங்கே இருந்தன. மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொப்பியும் பென்சிலும் கொடுக்கமாட்டாள். நம்மில் பலர் நம் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அங்கே விட்டோம். ஒரு தவணை முடிந்ததும், "பிள்ளை இன்னும் 'அ' எழுதவில்லையே ரீச்சர், மற்ற நேர்சரியில் நூறு மட்டும் எழுதுகிறார்களே" என்று கேட்டோம். அவள் பொறுமையாக விளக்கினாள். தலையாட்டிக் கேட்டுவிட்டு, அடுத்த தவணையே பிள்ளைகளை மாற்றினோம். இருந்த பிள்ளைகளையாவது தக்கவைக்க அவளும் கொப்பி கொடுக்கத் தொடங்கினாள். பிறகு நேர்சரியையே மூடிவிட்டாள். அவள் நம் ஒருவரையும் குறை சொல்லவில்லை. குறை நம்மிடந்தான் இருந்தது.

கொழும்பில் நாம் நேர்சரி எல்லாவற்றையும் 'மொன்ரிசோரி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பெயருக்குரிய மரியா மொன்ரிசோரி அம்மையார் ஒரு வைத்தியர். 1907இல் ரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில், தாய் தந்தையர் வேலைக்குப் போனபின் தனித்துக் கிடந்த பிள்ளைகளுக்காகத் தமது முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார். கொட்டாஞ்சேனையில் பிள்ளையை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்கும் புறக்கோட்டைக் கடைகளுக்கும் போகும் பெற்றோரை அறிந்த நமக்கு அந்த நிலை புதிதன்று. 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். யுத்தகாலம் முழுவதும் இந்தியாவிலே தங்கினார். 1944இல் நம் நாட்டுக்கும் வந்தார். பிள்ளை தன் கையால் ஊற்றி, அடுக்கி, துடைத்து, தொட்டுப் பார்த்துத்தான் கற்கிறது என்பதே அவர் கண்டது. எழுத்தைக்கூட, பென்சில் பிடிக்குமுன், சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டி விரலால் தடவச் செய்தார்.

நமக்கு இது தெரியாததா? விசயதசமியன்று ஏடு தொடக்கும்போது பச்சையரிசியிலே விரலைப் பிடித்துத்தானே 'அ' எழுதுவிக்கிறோம்! மறுநாளே அரிசியை எடுத்துவைத்துவிட்டுக் கொப்பியை நீட்டுகிறோம்.

மூன்று நான்கு வயதில் பிள்ளையின் மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முழுமையாக உருவாகவில்லை. மண் பிசையும் பிள்ளையின் விரல்கள் பென்சிலுக்குத் தயாராகின்றன. கடை வைத்து விளையாடும் பிள்ளை எண்ணவும் பேரம் பேசவும் படிக்கிறது. சோறு கறி ஆக்கி விளையாடும்போது 'நீ அம்மா, நான் மாமி' என்று முறை வகுத்து, தன் முறை வரும்வரை காத்திருக்கப் பழகுகிறது. நாம் முற்றத்தில் கிளித்தட்டு மறித்தும் கொக்கான் வெட்டியும் படித்தவை இவைதாம். இன்று தொடர்மாடிகளில் முற்றமில்லை. வாகனம் நிறுத்துமிடத்தில் பந்தை எடுத்தாலே அதட்டுகிறோம். ஆகவே அன்று வீடு தந்ததை இன்று நேர்சரிதான் தரவேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் தொடங்கிய பெரி முன்பள்ளி ஆய்வு, வறிய குடும்பங்களின் 123 பிள்ளைகளை நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தது. நல்ல முன்பள்ளிக்குப் போனவர்களுக்கு நுண்மதிப் பரீட்சையில் கிடைத்த முன்னிலை சில ஆண்டுகளில் மறைந்துபோயிற்று. ஆனாலும் பள்ளிப்படிப்பை முடித்தவர்களும் நல்ல ஊதியம் பெற்றவர்களும் அவர்களுள்ளேயே கூடுதலாக இருந்தனர். புள்ளியில் தெரியாதது வாழ்க்கையில் தெரிந்தது. கனடாவில் ஒன்ராறியோ மாகாணமும் 2010 முதல் நான்கு, ஐந்து வயதினருக்கு விளையாட்டு வழியான முழுநாள் வகுப்பைக் கொண்டுவந்தது. ரொறன்ரோவில் உள்ள சகோதரிகள் பேரப்பிள்ளையின் சேறு படிந்த சட்டையைத் தோய்த்தபடி இதை அறிந்திருப்பார்கள்.

நம் நாட்டில் 1945இல் வந்த இலவசக் கல்வி தரம் ஒன்றிலிருந்துதான் பிள்ளையின் கையைப் பிடிக்கிறது. அதற்கு முந்திய படியில் பெரும்பாலும் பெற்றோரின் பணப்பையே தீர்மானிக்கிறது. தரம் ஒன்றிலேகூட விளையாட்டும் செயற்பாடும் வேண்டுமென்று 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் சொல்கிறது. நாமோ தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சையை மூன்று வயதிலேயே தொடங்கிவிடுகிறோம்.

ஆகவே நூற்றாண்டில் இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது நமது சங்கத்துக்கு: நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை, முன்பள்ளி ஆசிரியைகளாக விரும்பும் நம் இளம் மாணவிகளின் பயிற்சிக்கு ஒதுக்குவோம். குறைந்த சம்பளத்தில் நிற்கும் அந்த ரீச்சர்மாருக்கு நாம் துணை நிற்கவேண்டும். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் நல்ல முன்பள்ளி கிடைக்கவேண்டும்.

இரண்டாவது நம் ஒவ்வொருவருக்கும்: நேர்சரி தேடும்போது கொப்பியைப் புரட்டாமல், ரீச்சர் பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து பேசுகிறாரா, ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள், ஓடியாட இடமுண்டா, சாமான்கள் பிள்ளையின் கைக்கு எட்டுகின்றனவா என்று பார்ப்போம். மத்தியானம் வாசலில் நின்று, "இன்று என்ன எழுதினாய்?" என்று கேட்கும் அம்மம்மாமாரும் அப்பம்மாமாரும் நாமேதான். நாளை முதல், "இன்று என்ன விளையாடினாய்?" என்று கேட்போம். கேட்டுவிட்டு, பதிலை முழுவதும் கேட்போம்.

அந்த விறாந்தை நேர்சரி ரீச்சர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். நாம் அவளிடம் சொல்லாமல் விட்ட மன்னிப்பை இன்று சபையறியச் சொல்கிறோம்.