கண்ணுக்குத் தெரியாத ஏற்றுமதி

(பூவிருந்தவல்லி வட்டாரத்தில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஏற்றுமதி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன மூட்டைகளும் பெட்டிகளும் கப்பலுமே. அரிசியும் தோலும் துணியும் மோட்டார் வண்டியும் துறைமுகத்தில் ஏறுகின்றன. சுங்க அதிகாரி எண்ணிப் பார்த்துக் கணக்கில் பதிகிறார். ஆனால் எந்தத் துறைமுகத்தின் வழியும் செல்லாத, எந்தத் தராசிலும் நிறுக்க முடியாத சரக்கு ஒன்று இன்று நம் நாட்டிலிருந்து பெருமளவில் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. மனிதருடைய அறிவும் உழைப்புமே அச்சரக்கு. அதன் விற்பனையையே சேவை வாணிகம் என்கிறோம்.

இது எவ்வளவு பெரியது என்று கேட்பீர்கள். 2000-01ஆம் ஆண்டில் இந்தியா பிற நாடுகளுக்கு விற்ற பொருள்களின் மதிப்பு சுமார் 4,450 கோடி டாலர். சேவைகளின் மதிப்பு சுமார் 1,600 கோடி டாலர். 2024-25ஆம் ஆண்டில் பொருள்கள் சுமார் 43,700 கோடி டாலருக்கும் சேவைகள் சுமார் 38,700 கோடி டாலருக்கும் விற்பனையாயின. பொருள் ஏற்றுமதி ஏறத்தாழப் பத்து மடங்கு பெருகிய காலத்தில் சேவை ஏற்றுமதி இருபது மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. அண்ணன் நடந்து வந்த தூரத்தைத் தம்பி ஓடியே எட்டிவிட்டான் என்று சொல்லலாம்.

1995ஆம் ஆண்டில் உலக வாணிப அமைப்பு தோன்றியபோது, சேவை வாணிகத்திற்கும் ஓர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. சேவை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்கு நான்கு வழிகளில் செல்லலாம் என்று அது வகுத்துள்ளது. ஏட்டில் படித்தால் தலை சுற்றும். பம்பு செட்டு பழுது பார்ப்பவரைக் கொண்டு பார்த்தால் எளிதில் விளங்கும். அடுத்த ஊரிலிருக்கும் அவரிடம் தொலைபேசியில் கேட்டு நாமே மோட்டாரைச் சரிசெய்வது ஒரு வழி. மோட்டாரைக் கழற்றிக்கொண்டு அவருடைய பட்டறைக்கு நாம் போவது இரண்டாவது. அவர் நம் ஊரிலேயே ஒரு கிளைக் கடை திறப்பது மூன்றாவது. அவரே நம் கிணற்று மேட்டுக்கு வந்து வேலை பார்த்துவிட்டுத் திரும்புவது நான்காவது. நடுவில் ஊர் எல்லைக்குப் பதிலாக நாட்டு எல்லை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; அவ்வளவுதான்.

இந்த வழிகள் யாவும் நம் சுற்றுவட்டாரத்திலேயே உள்ளன. 1955ஆம் ஆண்டில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற குறிக்கோளை அறிவித்தது. அதன்பின் 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964இல் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. அன்று இப்பகுதியின் பெருமை இரும்பிலும் கடைசல் எந்திரத்திலும் இருந்தது. இன்றோ அதே அம்பத்தூரில், பட்டறைக் கொட்டகைகளுக்கு நடுவே கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. உள்ளே அமர்ந்திருப்போர் கடல் கடந்த வங்கிகளுக்கும் நிறுவனங்களுக்கும் கணினி வழியே வேலை செய்கின்றனர். ஆவடியை அடுத்த பட்டாபிராமில் 21 தளங்கள் கொண்ட டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. இது முதல் வழி.

பிற நாட்டு நோயாளிகள் சென்னையின் பெரிய மருத்துவமனைகளுக்கு வந்து சிகிச்சை பெறுவது இரண்டாம் வழி. நோயாளி இங்கே வந்தாலும் வாணிகக் கணக்கில் அது ஏற்றுமதியே. இவ்வழிக்கு ஒரு பலவீனமுண்டு. 2020ஆம் ஆண்டுக் கொள்ளை நோயின்போது உலகெங்கும் பயணம் நின்றது. கணினி வேலையோ வீட்டிலிருந்தே தொடர்ந்தது. வங்கதேசத்தில் 2024 ஆகஸ்டில் ஆட்சி கவிழ்ந்தபின் விசா சுருங்கியதால், அங்கிருந்து வரும் நோயாளிகளின் தொகையும் வெகுவாகக் குறைந்தது. வெளிநாட்டு வங்கிகள் இங்குக் கிளை திறப்பது மூன்றாம் வழி. அது நமக்கு இறக்குமதி என்பதோடு அதை விட்டுவிடுவோம்.

இதனால் நம் கிராமத்திற்குக் கிடைப்பது என்ன? கண்ணாடி மாளிகையில் நம் ஊரார் பலர் வேலை செய்கின்றனர் என்பது உண்மை. காவற்காரராக, துப்புரவுப் பணியாளராக, வாகன ஓட்டுநராக, சிற்றுண்டிச் சாலையில் சமைப்பவராக வேலை செய்கின்றனர். அவை மதிப்பிற்குரிய வேலைகளே. ஆயினும் டாலர் வருமானம் தங்கும் இடம் மேல் தளம். நிலத்தை விற்றவரின் மகன் வாயிற்படியில் நிற்பது நமக்கு மன நிறைவைத் தருவதன்று. மேல் தளத்திற்கும் வழி இருக்கிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் பயிற்சிகள் கல்லூரி மாணவருக்குக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பார்த்துத் தட்டச்சு செய்வது, தொலைபேசியில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வது போன்ற கீழ்ப்படி வேலைகளைச் செயற்கை நுண்ணறிவு எந்திரங்களே செய்யத் தொடங்கிவிட்டன. ஆகவே அத்தகைய வேலைக்கென்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் பயிற்சி நிலையங்களில் மகளையோ மகனையோ சேர்க்குமுன் இருமுறை யோசியுங்கள்.

இனி நான்காம் வழிக்கு வருவோம். இன்று உங்களிடம் முக்கியமாகப் பேச வந்தது இதைப் பற்றியே. வெளிநாடுகளில் உள்ள இந்தியர் 2024-25இல் தாயகத்திற்கு அனுப்பிய பணம் 13,500 கோடி டாலருக்கு மேல். கொத்தனார், வெல்டர், ஓட்டுநர், செவிலியர் ஆகியோரின் வியர்வையும் அதில் கலந்திருக்கிறது. ஆனால் இவ்வழியில்தான் வஞ்சகமும் மிகுதி. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ்நாட்டு இளைஞர் சிலர், எல்லை கடத்தி மியான்மருக்குக் கொண்டு செல்லப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டனர். அரசுகளின் முயற்சியால் மீட்கப்பட்டு வந்தனர். படித்த இளைஞர் கதியே இதுவானால், காணியை அடகு வைத்துப் புறப்படும் கூலித் தொழிலாளியின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவெண் உண்மையா என்பதை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். அவர் பெறத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்பவரைக் கண்டால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம். பணத்தை வங்கி வழியே கொடுத்து ரசீது பெறுங்கள். சுற்றுலா விசாவில் போய்ச் சேருங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பது எப்போதும் கேட்கும் பொய். பத்தாம் வகுப்புத் தேறாதவர், வளைகுடா நாடுகள், மலேசியா முதலியவற்றிற்கு வேலைக்குச் செல்லுமுன், குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெறுதல் அவசியம். அவ்வலுவலகம் சென்னையிலேயே உள்ளது. 1978இல் மாநில அரசு நிறுவிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் கிண்டியில் இயங்குகிறது. இடைத்தரகரின் வீட்டுத் திண்ணையை விட அது தொலைவு என்று எவரும் சொல்ல இயலாது.

கிராம சபையில் சாலையும் விளக்கும் பேசி முடிந்தபின் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்குமாறு ஊராட்சி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மே 1 அன்றும் ஆகஸ்டு 15 அன்றும் கூடும் சபைகளுக்கு இது மிகப் பொருந்தும். ஊரிலிருந்து எவரெவர் எந்த நாட்டிற்குச் சென்றுள்ளனர், எவர் மூலம் சென்றனர், வீட்டாருடன் தொடர்பில் உள்ளனரா என்பவற்றைக் குறித்து ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்கலாம். இது எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தும் பதிவேடன்று. விரும்பியவர் மட்டும் பெயர் தந்தால் போதும். ஓர் ஆள் ஆறு மாதம் பேசாமலிருக்கையில், தாயார் எங்களிடம் ஓடி வருகிறார். எந்த நிறுவனம், எந்த ஊர் என்று கேட்டால் அவருக்குத் தெரிவதில்லை. கடவுச்சீட்டு, விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகலை வீட்டில் வைத்துச் செல்வதற்குச் செலவு சில ரூபாய்தான்.

பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற காப்பீட்டில் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாயும் மூன்று ஆண்டுக்கு 375 ரூபாயும் சந்தா. விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்திற்குப் பத்து லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அனுமதி பெற்று முறையாகச் செல்பவருக்கு இது உண்டு. சுற்றுலா விசாவில் செல்பவருக்கு இல்லை.