தலைவிதியா? வாத்தியார் இல்லாத குறையா?

 

இந்தத் தாம்பரத்தில் படிப்புக்குப் பஞ்சமில்லை. கிறிஸ்தவக் கல்லூரி 1937ல் இங்கு வந்தது முதல் எத்தனையோ பட்டதாரிகள் வெளியேறியிருக்கிறார்கள். ஆனால், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையொன்று பிறந்துவிட்டால் அந்தப் பட்டதாரி வீட்டிலும் 'முன் ஜன்ம வினை' என்றுதானே அழுகிறார்கள்? மனம் பேதலித்தவர்களின் கதியும் அதுவே. 2001 ஆகஸ்டு 6ந் தேதி ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவிடப்பட்டுச் சங்கிலியில் கிடந்தவர்கள், கொட்டகை தீப்பிடித்தபோது ஓட வழியின்றி 28 பேர் மாண்டார்கள். எந்த மந்திரம் காப்பாற்றிற்று என்று கேட்கிறோம்.

இங்கிருந்து கிழக்கே, கடற்கரையோரம் முட்டுக்காட்டில், 2005 முதல் மத்திய சர்க்காரின் ஸ்தாபனம் இருக்கிறது. பல ஊனங்கள் சேர்ந்த பிள்ளைகளுக்குப் போதிக்கும் வித்தையை அங்கே பட்டப் படிப்பாகவே சொல்லித் தருகிறார்கள். சோறு அள்ளி உண்பது நமக்கு ஒரே காரியம். அந்த வாத்தியாருக்கோ பத்துக் காரியம். ஒவ்வொன்றாய்ப் பழக்குவார். இதில் வினை எங்கே வந்தது?

1992ம் வருஷத்துச் சட்டப்படி, இதைப் படித்துப் பதிவு செய்துகொள்ளாதவர் இத்தொழில் செய்தால் ஒரு வருஷம் வரை சிறையுண்டு. தாயத்துக் கட்டுகிறவனுக்கோ பரீட்சையுமில்லை, பதிவுமில்லை. தட்சணை மட்டும் உண்டு!

ஆரம்பப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வேண்டுமென்று 2021ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. எஞ்சினீயர் படிப்புக்காக நிலத்தை விற்கும் தகப்பன்மார்களே, உங்கள் பெண்ணையோ பையனையோ இதற்கு அனுப்பினாலென்ன? சேருமுன் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் அப்படிப்புக்கு உண்டா என்று விசாரியுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சர்டிபிகேட்டைக் காட்டிப் பதிவு செய்ய முடியாது.