யாரோடு அமர்ந்து சாப்பிட்டீர்கள்?



பட்டமளிப்பு விழா மேடையில் நிற்பவர்கள் வழக்கமாக ‘சுயமாகச் சிந்தியுங்கள்’ என்று சொல்லிவிட்டு இறங்குவார்கள். நான் அதைச் சொல்லப்போவதில்லை. சுயமாகத்தான் சிந்திக்கிறோம் என்று எல்லோருமே நம்புகிறோம். கட்சிக் கூட்டத்தில் தொண்டை கிழியக் கோஷம் போடுகிறவரும் அப்படித்தான் நம்புகிறார். உங்கள் கருத்துகள் எந்த வழியாக உங்களிடம் வந்து சேர்ந்தன என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அதற்கு இன்னொரு கல்லூரிக்குப் போக வேண்டும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1932-இல் பென்னிங்டன் என்றொரு மகளிர் கல்லூரி திறக்கப்பட்டது. சிறிய வளாகம். படிக்க வந்தவர்கள் வசதியான வீட்டுப் பெண்கள். பெற்றோர் பெரும்பாலும் குடியரசுக் கட்சியின் ஆதரவாளர்கள். ஆசிரியர்களோ பெரும்பாலும் ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட்டின் சீர்திருத்தங்கள் பக்கம் நின்றவர்கள். அங்கே பாடம் நடத்திய தியோடர் நியூகம்ப் என்ற உளவியலாளர், மாணவிகளின் அரசியல் எப்படி மாறுகிறது என்று சில ஆண்டுகள் தொடர்ந்து கணக்கெடுத்தார்.

1936 அதிபர் தேர்தலின்போது முதலாண்டு மாணவிகளில் 62 சதவீதம் பேர் குடியரசுக் கட்சியின் லாண்டனை ஆதரித்தார்கள். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகளிடம் லாண்டனுக்குக் கிடைத்த ஆதரவு 15 சதவீதம்தான். அவர்களில் 30 சதவீதம் பேர் ரூஸ்வெல்ட்டையும் தாண்டி சோஷலிஸ்ட், கம்யூனிஸ்ட் வேட்பாளர்களிடம் போய்விட்டிருந்தார்கள். வீட்டில் அப்பா அம்மாவின் அரசியலோ இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பெற்றோர்கள் பதற வேண்டாம். ‘ஹாஸ்டலில் சேர்த்தால் பிள்ளை கெட்டுப்போகும்’ என்று நியூகம்ப் சொல்லவில்லை. மாறியவர்களை விட்டுவிட்டு, மாறாதவர்களைப் பாருங்கள். ‘ஊரே ஒரு பக்கம் போனாலும் அசையாமல் நின்றார்கள், என்ன மன உறுதி!’ என்று பாராட்டத் தோன்றும். ஆனால் அவர்களில் சிலர் ஒரு சின்ன நட்புக் குழுவுக்குள் ஒண்டிக்கொண்டவர்கள். அந்தக் குழுவே பழைய கருத்தோடு இருந்தது. சிலர் வீட்டோடு மிக நெருக்கமாக ஒட்டியிருந்தவர்கள். வளாகத்தில் யாரோடும் சேராமல் ஒதுங்கியிருந்தவர்களும் உண்டு. மாறியவர்களோ பெரும்பாலும் கல்லூரியில் மதிப்போடு இருக்க விரும்பியவர்கள். கல்லூரியின் பிரதிநிதியாக யாரை அனுப்பலாம் என்று கேட்டால் தோழிகள் கை காட்டியதும் அவர்களைத்தான். ஆக, மாறியவர்களுக்கும் ஒரு கூட்டம் இருந்தது, மாறாதவர்களில் பலருக்கும் ஒரு கூட்டம் இருந்தது. கொள்கையை எடைபோட்டு முடிவெடுத்ததாக இரு சாராருமே சொல்லியிருப்பார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

அதோடு கதை முடியவில்லை. 1960-களின் தொடக்கத்தில் நியூகம்ப் அதே பெண்களைத் தேடிப் போனார். அப்போது அவர்கள் நடுவயதுக் குடும்பத் தலைவிகள், வசதியான வாழ்க்கை. திரும்பவும் அப்பாவின் கட்சிக்கே போயிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? 1960 தேர்தலில் அவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் ஜனநாயகக் கட்சியின் கென்னடி பக்கம் நின்றிருந்தார்கள். கல்லூரியில் கற்ற கருத்து அத்தனை ஆண்டுகள் தானாகவா நிலைத்தது? இல்லை. அந்தக் கருத்துக்கு ஒத்துவரும் கணவரையும் நண்பர்களையும் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள், அவர்கள் அதைக் காப்பாற்றித் தந்தார்கள் என்பதே நியூகம்ப் கண்ட விடை. நாளை வேலைக்கும் மேற்படிப்புக்கும் போகிற உங்களுக்கு இந்த இரண்டாம் பாகம்தான் முக்கியம். கல்லூரியில் அறைத் தோழனை விடுதிக் காப்பாளர் ஒதுக்கித் தந்தார். இனி நீங்களேதான் தேர்ந்தெடுக்கப்போகிறீர்கள்.

அப்படித் தேர்ந்தெடுப்பதில் ஒரே ஒருவர்கூட எவ்வளவு முக்கியம் என்பதை இன்னொரு ஆய்வு காட்டுகிறது. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய கோடுகள் பரிசோதனை உளவியல் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று கோடுகளில் எது மாதிரிக் கோட்டுக்குச் சம நீளம் என்ற குழந்தைத்தனமான கேள்விக்கு, முன்னேற்பாட்டின்படி நடித்த மற்றவர்கள் எல்லோரும் ஒரே தவறான விடையைச் சொன்னால், உண்மையாகவே பதில் சொல்ல வந்தவரும் ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை அதையே சொன்னார். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடும். எனக்குப் பிடித்தது அதற்கடுத்த பகுதி. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், அப்படிப் பணிந்துபோவது கால் பங்காகக் குறைந்தது. அந்த ஒருவர் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டபோதும், அவர் தந்த தைரியம் பெருமளவு தங்கியது. அவரே கட்சி மாறிப் பெரும்பான்மையோடு சேர்ந்துகொண்டபோதுதான் இவர் மறுபடியும் சரிந்தார்.

நண்பர்களை விட்டு விலகுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பரீட்சைக் கட்டணத்துக்குப் பணம் புரட்டித் தந்தவனை, காய்ச்சலில் கஞ்சி வாங்கி வந்தவளை விட்டு விலகச் சொல்வது அறிவுரையே அல்ல. அந்த நன்றிக்காக அவர்களுடைய சாதிப் பெருமையையும், அவர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் வதந்தியையும் சேர்த்து நம்ப வேண்டியதில்லை, அவ்வளவுதான். அதைத் தனியாளாகச் செய்வது மிகக் கடினம் என்றுதான் ஆஷின் பரிசோதனை காட்டுகிறது. உங்களுக்கு இன்னொருவர் தேவை. இன்னொருவருக்கு நீங்களும் தேவை.

உங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து, ஏதோ ஒரு வாக்குவாதத்துக்குப் பிறகு நீக்கப்பட்டவரோ, தானாகவே வெளியேறியவரோ ஒருவர் நிச்சயம் இருப்பார். இந்த அரங்கில்தான் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். ஊருக்குப் பஸ் ஏறுமுன் அவரைத் தேடிப் பிடித்து, அவருடைய எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.