அறியாமையே!



'குழந்தைகளின் நோய் முற்றுவதற்குப் பெரிதும் காரணம் பெற்றோரின் அலட்சியமா? அறியாமையா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "ஆறு மாசத்துல உடம்பெல்லாம் கரப்பான், மூணு வயசுல அடுக்குத் தும்மல், அஞ்சு வயசுல இழுப்பு. அதுவரைக்கும் அப்பா அம்மா என்ன பண்ணிக்கிட்டிருந்தாங்க?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கிவிட்டார்.

நடுவர் அவர்களே, அந்த அம்மா சும்மாவா இருந்தா? கரப்பானுக்கு எண்ணெய் தடவினா. தும்மலுக்குக் கஷாயம் கொடுத்தா. இழுப்புக்கு நெஞ்சுல தைலம் தேய்ச்சா. மூணும் ஒரே கொடியில காய்ச்ச காய்னு அவளுக்கு யாரு சொன்னா? முதல்ல தோல், அப்புறம் மூக்கு, அப்புறம் நெஞ்சு. இதை 'அலர்ஜியின் அணிவகுப்பு' என்கிறார்கள் மருத்துவர்கள். கரப்பான் வந்த எல்லாக் குழந்தைக்கும் ஆஸ்துமா வராது. ஆனால் வாய்ப்பு கூடுகிறது. பெற்றோருக்கு ஆஸ்துமா இருந்தால் இன்னும் கூடுகிறது.

அலட்சியமான வீட்டில் பிள்ளைக்குச் சாம்பிராணி போடுவாங்களா? குளிப்பாட்டி, தலை துவட்டி, சளி பிடிக்கக் கூடாதுன்னு புகை காட்டறாங்க. அந்தப் புகையே இழுப்பைக் கிளப்பும்னு தெரியாது! ராத்திரி, "பீடியை வெளியில போய்ப் பிடிங்க, குழந்தை தூங்குது"ன்னு மாமனாரை விரட்டற மருமக, கதவைச் சாத்திட்டு கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி வைக்கிறா. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு சொன்னது. மாமனார் ஒரு பீடியோட போயிருப்பார்! (சிரிப்பு)

அடுத்து, இன்ஹேலர். "அதெல்லாம் பழகிப் போயிடும், மாத்திரையே போதும்"னு சொல்லாத வீடு உண்டா? கணக்குப் போடுவோம். சால்பூட்டமால் இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தினா 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையில 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம். இருபது அழுத்து! இன்ஹேலர் நேரா நெஞ்சுக்குப் போகுது. மாத்திரையோ வயித்துக்குப் போய், ரத்தத்துல கலந்து, கையை நடுங்க வச்சு, அப்புறம் நெஞ்சுக்கு வருது. அடுத்த தெருவுக்குப் போக ஊரையே சுத்திக் காட்டற ஆட்டோ மாதிரி! (சிரிப்பு, கைதட்டல்)

என் உறவில் ஒரு வீடு. ஏழு வயசுப் பெண் குழந்தை. அவளோட இன்ஹேலர் அரிசி டப்பாவுக்குள்ள இருக்கு. கேட்டா, "வெளியில தெரிஞ்சா நாளைக்கு இவளை யாரு கட்டிக்குவா?"ங்கறாங்க. நடுராத்திரி மூச்சுத் திணறினா அரிசியைத் துழாவிக்கிட்டு நிக்கறதா? மருந்தை வாங்கினவங்க அலட்சியக்காரங்க இல்லை. ஒளிச்சு வச்சது அறியாமை.

இன்னும் ஒன்று. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே, அலர்ஜி ஆபத்துள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்றது. 2008-இல் அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று கைவிட்டது. 2015-இல் லண்டன் ஆய்வு வந்தது. 640 பச்சிளங் குழந்தைகள், எல்லாரும் கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ளவர்கள். முதல் வயதுக்குள்ளேயே கடலை உணவைத் தொடங்கிய பிள்ளைகளுக்குத்தான் ஐந்து வயதில் கடலை அலர்ஜி மிகக் குறைவு! (வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும்.) எதிரணி நண்பரே, படித்த மருத்துவர்களையும் அலட்சியக்காரர்கள் என்பீர்களா? தெரியவில்லை; தெரிந்ததும் மாற்றிக்கொண்டார்கள். (கைதட்டல்)

அலட்சியம் என்று பழி சொன்னால் அந்தத் தாய் அழுவாள். விஷயத்தை எடுத்துச் சொன்னால் நாளைக்கே சுருளை அணைப்பாள், டப்பாவிலிருந்து மருந்தை எடுத்து அலமாரியில் வைப்பாள். ஆகவே நடுவர் அவர்களே, காரணம் அறியாமையே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.