குச்சி யார் கையில்?

மாணவர் இசைக்குழு என்றால் எனக்கு முதலில் டீன் டிக்சன்தான். 1915-இல் நியூயார்க்கில் பிறந்த கறுப்பர். 1932-இல், பதினேழு வயதில், ஹார்லெமில் தானே ஒரு இசைக்குழுவைத் தொடங்கினார். எவர் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. 1944-இல் அமெரிக்க இளையோர் இசைக்குழுவையும் அமைத்தார்.

திறமைக்குக் குறைவில்லை. ஜூலியார்டில் படித்தவர், 1941-இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கையே நடத்தியவர். ஆனாலும் அமெரிக்காவின் எந்தப் பெரிய இசைக்குழுவும் அவரை நிரந்தர கண்டக்டராக அமர்த்தவில்லை. ஏன்? கண்டக்டர் எந்தக் கருவியையும் வாசிப்பதில்லை. குச்சியை அசைக்கிறார், மொத்தக் குழுவும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். கறுப்பர் பாடினால் கைதட்டிய சமூகத்துக்கு, கறுப்பர் சொல்லி வெள்ளையர் வாசிப்பது பொறுக்கவில்லை. பறையடிக்க ஆளனுப்பிக் கூப்பிடுவார்கள், ஊராட்சித் தலைவர் நாற்காலியில் மட்டும் உட்கார விடமாட்டார்கள். நமக்குத் தெரியாத கணக்கா இது?

1949-இல் நாட்டை விட்டே போனார். ஸ்வீடனின் கோத்தன்பர்க், ஜெர்மனியின் பிராங்ஃபர்ட், ஆஸ்திரேலியாவின் சிட்னி என மூன்று நாடுகளில் தலைமை கண்டக்டராக இருந்தார். நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் அவரைத் திரும்ப அழைத்தது 1970-இல். அதுவும் விருந்தினராக. அப்போது அவருக்கு வயது 55.